ஒரிஜினலுக்கு ஒரு ஒரிஜினல்

என் அத்தான் போட்ட மெட்டுகளை யாரும் குறை சொன்னதில்லை. அவற்றை அவர் எடுத்து வந்த இடத்தைத்தான் சொன்னார்கள். சினிமாவில் அவருக்கு ‘ஜெராக்ஸ்’ என்று பெயர். ஆரம்பத்தில் அந்தப் பெயரை முதுகுக்குப் பின்னால் சொல்கிற நாகரிகமாவது இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. தயாரிப்பாளர்கள் எனக்கே போன் போட்டு, “ஜெராக்ஸ் சார் இருக்காரா?” என்று கேட்பார்கள். “இருக்கார், பேப்பர் தீர்ந்துபோச்சு, அப்புறம் கூப்பிடுங்க” என்று நானும் வைத்துவிடுவேன். அக்காவைக் கட்டியவரை நான் கிண்டல் செய்யலாம், கண்டவனும் செய்யக் கூடாது.

நான் அவருடைய ஒலிப்பதிவாளர். ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. முன்னறையில் வருகிறவர்களுக்கு சோபா, நடு அறையில் என் மிக்ஸர், உள்ளே சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பதிவறை. அதில் சுருதி இறங்கிப்போன ஒரு பழைய பியானோ. அத்தான் வேலை செய்கிற விதம் ரொம்ப எளிமையானது. படத்தொகுப்பாளர் காட்சிக்குத் தற்காலிகமாக ஏதோ ஒரு வெளிநாட்டு இசையை ஒட்டி அனுப்புவார். இயக்குநர் அதை வாரக்கணக்கில் கேட்டுக் கேட்டு அதன்மேல் பைத்தியமாகி, “அச்சு அசல் இதே மாதிரி வேணும் சார், ஆனா இது மாதிரி இருக்கக் கூடாது” என்பார். அத்தான் அதன் மூக்கைக் கொஞ்சம் மாற்றி, காதைக் கொஞ்சம் திருகிக் கொடுப்பார். திருடச் சொன்னது அவர்கள்தான். மாட்டிக்கொண்டால் மட்டும் எல்லா விரலும் அத்தான் பக்கம் நீளும்.

வெளியில் கிடைத்த கெட்ட பெயரை அவர் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வீட்டில் கிடைத்ததைத்தான் துடைக்க முடியவில்லை. அவருக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுகிறோமே தவிர, இசைக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள். அத்தான் சாப்பாட்டு மேஜையில் புதுசாக எதையாவது முணுமுணுத்தால் போதும், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அது எந்தப் படம், எந்தக் காட்சி என்று சொல்லிவிடுவாள். சின்ன வயசில் அது விளையாட்டு. கண்டுபிடித்துவிட்டால் அத்தானே கைதட்டுவார். கல்லூரிக்குப் போன பிறகு அது கசந்துபோனது. “உங்கப்பா இந்த வாரம் எந்த நாட்டுக்காரர்?” என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்டார்களாம். அன்றைக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து அப்பாவிடம் சாப்பாடு பற்றிப் பேசுவாள், உடம்பு பற்றிப் பேசுவாள், மழை வருமா என்றுகூடப் பேசுவாள். இசை பற்றி மட்டும், ‘இது எங்கேருந்து’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விபத்து நடந்தது. எனக்கு அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு படம். மனைவி இறந்துபோன ஒருவன் அவளுடைய துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்கிறான். வசனம் கிடையாது. இயக்குநர் முன்னறை சோபாவில் உட்கார்ந்துவிட்டார், இசையைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் போவாராம். அத்தான் ஆயுள் முழுக்கச் சேர்த்த வெளிநாட்டு இசையெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க் அன்று பார்த்து மண்டையைப் போட்டது. தெருவில் குழி தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். தொகுப்பாளரோ, என்றைக்கும் இல்லாத அதிசயமாக, காட்சியை ஊமையாகவே அனுப்பியிருந்தார்.

“எதைப் பாத்து போடறது மாப்ளே?” என்றார் அத்தான், வியர்த்துப்போய்.

“படத்தைப் பாத்து போடுங்க” என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன்.

அவர் வேறு வழியில்லாமல் சொந்தமாகப் போட்டார்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐந்தாறு சுரம்தான். மேலே ஏறப்போவது போல வந்து, ஏறாமல் தயங்கி, பக்கத்துச் சுரத்தில் உட்கார்ந்துகொள்கிற மெட்டு. திரையில் அந்த ஆள் ஒரு சட்டையைச் சரியாக மடிக்க வராமல் மறுபடி பிரிக்கிறான். அந்த இடத்தில் மெட்டும் முதலிலிருந்து தொடங்கியது. நான் மிக்ஸரை மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் முடிந்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, “எங்கேருந்து அத்தான்?” என்பதுதான்.

“தெரியல மாப்ளே. வந்துச்சு” என்றார். வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டவர் மாதிரி முழித்தார். இயக்குநர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு, “பிரமாதம் சார், இது எதுலேருந்து?” என்றார்.

வீட்டில் அத்தான் அதை மகளுக்குப் போட்டுக் காட்டினார். அவள் முதல் முறையாகத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். யோசித்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

“தெரியலப்பா. சொல்லுங்க, எங்கேருந்து?”

“என்னோடதும்மா.”

“சும்மா சொல்லாதீங்க. நானே கண்டுபிடிச்சுக்கறேன்” என்று எழுந்து போய்விட்டாள். அத்தான் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாதம் காய்ந்துபோய், அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது வக்கீலம்மா. படக் கம்பெனி அத்தானால் ஏற்கெனவே ஒரு முறை கோர்ட் படி ஏறியிருந்ததால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மற்ற இசையமைப்பாளர்கள் மெட்டைக் கொடுத்தால் போதும். அத்தான் மட்டும் மெட்டோடு ஒரிஜினலையும் கொடுக்க வேண்டும். வக்கீலம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பார். அனுமதி வாங்கலாமா, நாலு சுரத்தை மாற்றினால் தப்பிக்கலாமா என்று முடிவு சொல்வார். கெட்டவர் இல்லை. அத்தானைப் பலமுறை காப்பாற்றியவரே அவர்தான்.

“ஒரிஜினலைக் குடுங்க சார்.”

“இதுதாம்மா ஒரிஜினல்.”

“விளையாடாதீங்க. டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கலாமா? எங்கேருந்து எடுத்தீங்கன்னு சொன்னா நான் பாத்துக்கறேன்.”

“எடுக்கலைம்மா, சத்தியமா.”

“போன படத்துலயும் சத்தியம்தான் பண்ணீங்க” என்றார் வக்கீலம்மா. அதுவும் உண்மைதான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் வராவிட்டால் அந்த மெட்டைத் தூக்கிவிட்டு வேறு ஒருவரிடம் வாங்கிப் போடுவதாக முடிவானது. ஒளித்து வைத்த திருட்டுதான் கம்பெனிக்கு ஆபத்து, ஒத்துக்கொண்ட திருட்டில் பிரச்சினையே இல்லை.

வெளியே வந்ததும் அத்தான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனையோ மெட்டைத் தூக்கியிருக்காங்க மாப்ளே, நான் கவலைப்பட்டிருக்கேனா? அதெல்லாம் என்னோடதா என்ன? இது ஒண்ணு படத்துல இருந்துட்டா, பாப்பா தேடித் தேடிப் பாத்துட்டு, எங்கேயும் இல்லைன்னு ஒருநாள் அவளே ஒத்துக்குவா. இதுவும் போச்சுன்னா எங்கப்பன் ஒண்ணுமே பண்ணலன்னுதான் கடைசி வரைக்கும் நினைப்பா.”

ஆயுள் முழுக்கத் திருடியபோது கம்பளம் விரித்தார்கள், ஒருநாள் யோக்கியனாக இருந்தால் கழுத்தைப் பிடிக்கிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன். “ஒரிஜினல்தானே வேணும்? பண்ணிடலாம்.”

செத்துப்போன ஒரு வெளிநாட்டுக்காரரை உண்டாக்கினோம். வாரிசு இல்லாதவர். போட்ட படம் எதுவும் ஓடாதவர். போரில் ஸ்டூடியோ எரிந்து, ஒரே ஒரு பதிவு மட்டும் ஏதோ ஒரு பரண்மேல் தப்பிப் பிழைத்தது. பெயரை நான் வைத்தேன். சொல்ல முயன்றவனுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அப்போதுதான் யாரும் தேட மாட்டார்கள் என்று என் கணக்கு. அதனால் எல்லோரும் அவரைப் ‘பெரியவர்’ என்றே சொல்லிவிட்டார்கள்.

கீழே துணிக்கடைக்கு விடுமுறையான ஒரு மதியம், அத்தானைப் பழைய பியானோவில் உட்கார வைத்தேன்.

“எவ்வளவு நேரம் வாசிக்கணும்?”

“செத்தவரை யாரு கேக்கப்போறாங்க? இஷ்டத்துக்கு வாசிங்க.”

அவர் வாசித்தார். காட்சி இத்தனை நிமிஷம்தான் என்கிற கத்தரி இல்லை. ‘இன்னும் கொஞ்சம் அழற மாதிரி’ என்று பின்னால் நின்று சொல்ல இயக்குநர் இல்லை. தன் பெயர் வரப்போவதில்லை என்பதால் பயமும் இல்லை. அந்த ஐந்தாறு சுரத்தை வைத்துக்கொண்டு அவர் எங்கெங்கோ போய் வந்தார். நடுவில் ஒரு முறை இருமினார், நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அத்தானை அன்றைக்குத்தான் கேட்டேன். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, இருமலை வெட்டி, பழைய பதிவு போலக் கேட்க ஒலியை மேலும் கீழும் சீவி, தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்பைச் சேர்த்துப் பெரியவரைத் தயார் செய்தேன்.

வக்கீலம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “இதை முதல்லயே குடுத்திருந்தா என்ன சார்? உரிமையெல்லாம் காலாவதி. நீங்க எடுத்ததும் கொஞ்சம்தான்” என்றார். அத்தான் முறைப்படி திருடியிருக்கிறார் என்று சான்று கிடைத்தது. மெட்டு படத்தில் தங்கியது.

இயக்குநர் ஒரிஜினலைக் கேட்டுவிட்டு அத்தானின் தோளில் கை போட்டார். “தப்பா நினைக்காதீங்க சார். பெரியவர் எங்கேயோ நிக்கறார். நீங்க அவரைக் கொஞ்சம் கெடுத்துட்டீங்க.”

“ஆமா சார். அவர் எங்க, நான் எங்க” என்றார் அத்தான்.

இயக்குநர் சும்மா இருக்கவில்லை. பெரியவருக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று முழுப் பதிவையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார். படத்தைவிட அது பிரமாதமாக ஓடியது. உலகம் ஒரு மேதையைக் கண்டுகொள்ளாமல் சாகடித்துவிட்டதே என்று ஆயிரம் பேர் மாரில் அடித்துக்கொண்டார்கள். அத்தானின் போட்டிக்காரரான ஓர் இசையமைப்பாளர், தான் சின்ன வயசிலிருந்தே பெரியவரைக் கேட்டு வளர்ந்ததாகப் பேட்டி கொடுத்தார். நான் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து மிக்ஸர்மேல் டீயைக் கொட்டிவிட்டேன். அத்தானும் சிரித்தார், ஆனால் என் அளவுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். பாப்பா தன் அறையிலிருந்து வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்போன் தொங்கியது.

“அப்பா, இவரை எங்கேப்பா கண்டுபிடிச்சீங்க?”

அவள் அப்பாவிடம் இசை பேசுகிறாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அக்கா குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“பின்னாடி ஒரு இடம் வருதுப்பா. வேற யாரா இருந்தாலும் அங்க மேல ஏறியிருப்பாங்க. இவர் ஏறாம அப்படியே நிக்கறார். எனக்கு மூச்சே நின்னுபோச்சு. இவர் யாரையும் பாத்து எழுதலப்பா, நல்லாத் தெரியுது.”

“நல்லாருக்காம்மா?” அத்தானின் குரல் குழறியது.

“நல்லாருக்காவா! இந்த மாதிரி ஒண்ணு, ஒரே ஒண்ணு பண்ணிட்டு செத்துப்போனாக்கூட போதும்ப்பா.”

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. “அது நான்தாம்மா” என்றார்.

பாப்பா சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள். “இவ்வளவு நாள் பாட்டைத்தான் எடுத்தீங்க. இப்ப ஆளையே எடுத்துக்கறீங்களா?”

“அப்பாகிட்ட பேசற பேச்சா இது?” என்று அக்கா சீறினாள். என் போனில் வெட்டாத பதிவு இருந்தது. தொடக்கத்தில் ‘ரெடி அத்தான்’ என்கிற என் குரல், நடுவில் அவருடைய இருமல், எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு தட்டு தட்டினால் போதும், இந்த வீட்டில் நியாயம் பிறந்துவிடும். போனை எடுத்தேன். மேஜைக்கு அடியில் அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடு மாப்ளே” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “கேட்டுட்டு இருக்கா பாரு.”

பாப்பா ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய விரல் மேஜை விளிம்பில் மெதுவாகத் தாளம் போட்டது. அந்த இடம் வந்திருக்க வேண்டும், விரல் அப்படியே நின்றது. அத்தான் அந்த விரலையே பார்த்தார். அவர் எதற்காக என் கையைப் பிடித்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அப்பாவுடையது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவள் இதை எங்கிருந்து எடுத்தார் என்றுதான் கேட்பாள், இப்படிக் கண்ணை மூடிக் கேட்கவே மாட்டாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். என் ஆத்திரம் மட்டும் போகவில்லை.

முடிந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். கோபம் தணிந்திருந்தது.

“சாரிப்பா. இவரோட வேற ஏதாவது இருக்குமா?”

“இருக்கும்மா. தேடணும்.”

“நானும் கூட வந்து தேடறேனே.”

மகள் தன்னோடு வருகிறேன் என்று சொல்லி எத்தனை வருஷமாகிறது. “வேணாம்மா” என்றார். “நானே பாத்துக்கறேன். கொஞ்சம் டைம் குடு.”

“சரி. ஆனா கிடைச்சதும் அப்படியே எங்கிட்ட குடுத்துடணும். நீங்க அதுல கை வைக்கக் கூடாது.”

“வைக்க மாட்டேம்மா” என்றார் அத்தான்.

“சத்தியமா?”

அவள் நீட்டிய கையில் அத்தான் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார்.