உள்ளபடி ஒரு முகம்

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டுடு” என்றான் அண்ணன்.

அவள் கரிக்குச்சியின் முனையைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தாள். “அப்பா சிரிச்சு நீ பாத்திருக்கியா?”

“வர்றவங்க பாப்பாங்கல்ல? ஊர்ப் பசங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறே. பெத்தவருக்கு ஒரு படம் போட மாட்டியா?”

பக்கத்து அறையில் அப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். ஒரு கேள்வி கேட்க விடாமல் மனுஷன் நழுவிவிட்டாரே! தலைமாட்டில் வைக்க உருப்படியான போட்டோகூட இல்லை. கேமராவைக் கண்டாலே எரிந்து விழுவார்.

அவளுடைய பதினாலு வயதில், வரைந்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அடுப்பில் போட்டு வெந்நீர் காயவைத்துக் குளித்தவர் அவர். “இன்னிக்குத்தான் தண்ணி பதமா இருக்கு” என்று வேறு சொன்னார். பாவி மனுஷன்.

இப்போது அவள் நூலக மாடியில் ஓவிய வகுப்பு நடத்துகிறாள். பள்ளியில் வாய் திறக்காத, பெஞ்சை உடைக்கிற, தூக்கம் வராத பிள்ளைகள் வருவார்கள். முதல் நாளே சொல்லிவிடுவாள்: “யார் மேல கோவமோ அவங்க முகத்தைப் போடு. கொம்பு, கோரைப்பல்லெல்லாம் வேணாம். உள்ளபடி போடு. அப்புறம் அதுக்கு எதிர்ல உக்காந்து பாரு.” எழுந்து ஓடாமல் உட்கார்ந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். போன மாதம் ஒரு பெண் கேட்டாள், “நீங்க யாரைப் போட்டீங்க டீச்சர்?” அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

இப்போது போட்டாள். கை ஓங்குவதற்கு முந்தைய முகம். ஒற்றைப் புருவம் ஏறியிருக்கும், கீழுதடு உள்ளே போயிருக்கும், கண் மட்டும் அமைதியாக இருக்கும். அடி வாங்கியவளுக்குப் பார்த்து வரைய வேண்டியதில்லை. வரட்டும், எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்று கறுவிக்கொண்டே கரியைத் தேய்த்தாள்.

அண்ணன் கதவைத் திறந்தான். கையிலிருந்த சிகரெட் தானாக முதுகுக்குப் பின்னால் போனது. நாற்பது வயது ஆள்!

“அடிப்பாவி, இதையா வைக்கப்போறே? செத்தவர்கிட்டப் பழி வாங்கறியா?”

“ஆமா.”

“அம்மா பாத்தா தாங்க மாட்டாங்க. கிழிச்சுப் போடு.”

“அம்மா சொல்லட்டும், கிழிக்கறேன்.”

அம்மா அறை வாசலிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து அழவுமில்லை, உட்காரவுமில்லை. அவர் இருக்கிற அறையில் அம்மா உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்ததே கிடையாது. படத்தைப் பார்த்தவள் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிச்சிடட்டுமாம்மா?” என்று கேட்டாள். இவளும் அடுப்பில் போடச் சொல்லிவிட்டால்?

அம்மா சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

“இப்படியேதான் இருந்தார்” என்றாள். “கொண்டுபோய் வை.”

தலைமாட்டில் வைத்தார்கள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். சிலர் இரண்டடி தள்ளியே நின்றார்கள். யாரும் நல்ல சாவு என்று சொல்லவில்லை.

அம்மா சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து, படத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.