எல்லாவற்றுக்கும் ஐந்து

செங்கம்மாள் எல்லாக் கேள்விக்கும் ஐந்து என்றே சொன்னாள். "என் மேற்பார்வையாளர் நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்" என்று இந்துஜா படித்தாள். ஐந்து. "தவறு நடந்தால் பயமில்லாமல் சொல்ல முடிகிறது." ஐந்து. எழுத்துத் தெரியாதவர்களுக்காக, அழுகையில் தொடங்கிச் சிரிப்பில் முடியும் ஐந்து முகங்களை அச்சிட்ட அட்டை மேசையில் இருந்தது. செங்கம்மாள் அதைப் பார்க்கவேயில்லை. கேள்வி முடியும் முன்பே அவள் விரல் கடைசி முகத்தின்மேல் போய் நின்றது. இருபத்திரண்டு கேள்விகள் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டன. பிப்ரவரியில் இதே கேள்விகளுக்கு அவள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா மேடம்? போவட்டுமா?"

மேடம். பிப்ரவரியில் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டாள்.

டெல்லி கரோல் பாகிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் துப்புரவுப் பணிக்கு மட்டும் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் தங்குவதில்லை. நான்காம் மாடியில் மட்டும் மூன்று வருடமாக ஒருத்திகூட வேலையை விட்டுப் போகவில்லை. அது ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் இந்துஜாவின் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள். நிறுவனங்களுக்குள் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் அவள் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். நான்காம் மாடியில் ஆறு பேர் தமிழ்ப் பெண்கள் என்பதால் அந்த மாடி அவளுக்கு வந்து சேர்ந்தது.

பிப்ரவரியில் முதல் இரண்டு வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், உடை மாற்றும் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே செங்கம்மாள் தானாகச் சொன்னாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. டெல்லிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

"யாருக்கு எந்த வேலன்னு சார்ட்டுல ஒண்ணு போட்டிருக்கும் பாப்பா. நாங்க அப்படிச் செய்யறதில்ல. ஒருத்திக்கு வயித்துவலின்னா அவ கக்கூஸ நான் பாத்துக்குவேன். எவளுக்காவது ஆத்தா செத்து ஒரு மாசந்தான் ஆயிருக்குன்னு வையி, சாவு விழுந்த ரூமுக்கு அவள அனுப்ப மாட்டோம். யாரும் யாரயும் கேக்கறதில்ல. நான் மூஞ்சியப் பாத்து மாத்திவுடுவேன். சூப்பர்வைசரு அண்ணனுக்குத் தெரியும். கண்டுக்க மாட்டாரு."

அன்று வீட்டுக்குப் போகும் மெட்ரோவில் இந்துஜாவுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. பத்து வருடமாகக் கட்டுரைகளில் படித்ததை முதல்முறையாக ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டாள். அறிக்கையில் செங்கம்மாளின் பெயரை எழுதவில்லை. 'நான்காம் தளத்தின் மூத்த பணியாளர் ஒருவர்' என்று எழுதினாள். பதவியில்லாத தலைமை என்று ஒரு பத்தி. கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை: இந்த முறையை முறைப்படுத்தி மற்ற தளங்களுக்கும் கொண்டு போகலாம். அந்த வாக்கியத்தை எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர்கள் அதை அப்படியே செய்தார்கள். வேலை மாற்றிக்கொள்ள ஒரு செயலி வந்தது. காரணத்தைப் பதிவுசெய்தால் மேற்பார்வையாளர் அனுமதிப்பார். நான்காம் தளத்தின் மூத்த பணியாளர் யாரென்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. செங்கம்மாளுக்கு 'டீம் சாம்பியன்' என்று நீல நிறத்தில் ஒரு பேட்ஜ் குத்தி, தளம் தளமாகப் போய்க் கற்றுக்கொடுக்க அனுப்பினார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் எதையும் செய்யவில்லை. நவம்பரில், ஊரெல்லாம் புகை மூட்டமாக இருந்த ஒரு வாரத்தில், மாற்றத்தின் பலனை அளக்க இந்துஜா மறுபடி வந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. நாலாம் மாடியில உங்ககூட இருந்த மஞ்சு எங்க? லிஸ்ட்ல நாலு பேர் இல்ல, அவ பேரும் இல்லையே."

கதவருகே போயிருந்த செங்கம்மாள் நின்றாள். திரும்பி வந்து உட்காரவில்லை.

"ஊருக்குப் போயிட்டா."

"ஏன்?"

செங்கம்மாள் அங்கிருந்தே அட்டையில் இருந்த முகங்களைப் பார்த்தாள். "முழுவாம இருந்தா. ஆசிட்டு நாத்தம் ஆவல. முன்ன மாதிரின்னா நானே மாத்தி வுட்டுருப்பேன். என்னைத்தான் ரெண்டாம் மாடிக்கு அனுப்பிட்டாங்களே. போன்ல காரணம் போடச் சொன்னாங்க. போட்டா காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சிடும், வேலய வுட்டு நிறுத்திடுவான். போடல. மூணு வாரம் அந்த வாடையிலயே கழுவுனா. ஒருநா பாத்ரூமுலயே மயங்கி வுழுந்துட்டா. அப்பறம் எல்லாருக்குந்தான் தெரிஞ்சி போச்சி."

"இத நீங்க இப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா. அஞ்சு அஞ்சுன்னு..."

"போன தபா உள்ளத உள்ளபடி சொன்னேனே." குரலில் கோபம் இல்லை. நாள் முழுக்க நின்ற கால் வலியைச் சொல்வதைப்போல அதைச் சொன்னாள். "எல்லாம் நல்லாருக்குதுன்னே எழுதிக்க. டைமாச்சு, நான் போறேன்."

மறுநாள் இந்துஜா ராஜகோபாலின் அறைக்குப் போனாள். மருத்துவமனை நிர்வாகத் தலைவர். கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்தவர். மேசைமேல் காற்று சுத்திகரிப்பான் ஓடிக்கொண்டிருந்தும் இருமிக்கொண்டே இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"நாலாம் மாடி முதல் தடவை மூணு புள்ளி ரெண்டு. இப்போ நாலு புள்ளி ஒம்போது," என்றார். "இதுக்கு மேல என்ன வேணும், சொல்லுங்கோ?"

"அதான் சார் எனக்கு பயமா இருக்கு. மூணு புள்ளி ரெண்டுங்கறப்ப அவங்க மனசுல இருக்கறத சொன்னாங்க. குறை சொன்னாங்க, ஆனா யாரும் போகல. இப்ப குறையே இல்லங்கறாங்க, நாலு பேர் போயாச்சு. வாயத் தொறந்தா வம்புன்னு தெரிஞ்ச எடத்துல மார்க் ஏறும் சார். இத நிறைய பேர் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அந்த ஆப்ப நிறுத்துங்க. சூப்பர்வைசர் பழையபடி கண்டுக்காம இருந்தா போதும்."

"கண்டுக்காம இருங்கோன்னு நான் எப்படி சர்க்குலர் போடறது?" அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். "அச்சா, யார் சொன்னா உங்ககிட்ட? பேரச் சொல்லுங்கோ, நானே கூப்பிட்டுப் பேசறேன். ஒண்ணும் பண்ண மாட்டேன்."

ஒன்றும் பண்ணமாட்டார் என்பது அவளுக்கும் தெரியும். கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அக்கறையாகக் கேட்பார். பிறகு அதற்கும் ஒரு குழு, ஒரு கூட்டம், இன்னொரு பேட்ஜ். "யாரும் சொல்லல சார். எனக்கே தோணிச்சு," என்றாள்.

இறுதி அறிக்கையில் ஒரு பக்கம் சேர்த்தாள். முதல் ஆய்வில் தரப்பட்ட பரிந்துரை தவறானது, அதைத் தந்தவள் நான், நான்காம் தளத்தின் இப்போதைய மதிப்பெண்களை நம்ப வேண்டாம், செயலியை நிறுத்திவிட வேண்டும். நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருந்த அபினவ் அந்தப் பக்கத்தை மூன்று வரியாகச் சுருக்கி 'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்பில் பின்னால் தள்ளினான். அப்படியென்றால் என் பெயரை எடுத்துவிடு என்று தொலைபேசியில் சொன்னாள். அவன் தன்னை மிரட்டுவான், குறைந்தபட்சம் சமாதானமாவது செய்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். சரி என்றான். அவ்வளவு எளிதாக அது முடிந்துபோனது. அழைப்பைத் துண்டித்த பிறகு, பெயரை எடுத்தது யாருக்கு நல்லது செய்தது என்று யோசித்துப் பார்த்தாள். மஞ்சுவுக்கு இல்லை.

வருகையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள். செங்கம்மாளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்கவும் கூச்சமாக இருந்தது. இரண்டாம் மாடியிலேயே அவள் குரல் கேட்டது. மூன்று இளம்பெண்கள் சுவரோரம் நின்றிருக்க, செங்கம்மாள் உடைந்த இந்தியில் தரை துடைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்று இந்துஜா கூப்பிட்டாள்.

செங்கம்மாள் நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்தது. முகம் நட்பாகத்தான் இருந்தது.

"சம்பல்கே, மேடம்ஜி," என்றாள் இந்தியில், பார்த்துப் போகும்படி, டெல்லியில் முன்பின் தெரியாத யாரிடமும் சொல்வதுபோல. "ஃபர்ஷ் கீலா ஹை."

அவள் சொன்னபடியே, இருவருக்கும் நடுவே அப்போதுதான் துடைத்த தரை ஈரமாகக் கிடந்தது. குழல்விளக்குகள் அதில் நீளமாக விழுந்திருந்தன. கால் வைத்தால் செருப்புத் தடம் பதியும். செங்கம்மாளே மறுபடி துடைக்க வேண்டியிருக்கும். இந்துஜா கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகை மூட்டத்தில் வெயில் ஏறாத அந்த நாளில், தரை ஓரங்களிலிருந்து மெதுவாகக் காயத் தொடங்கியிருந்தது.