சிரித்தால் விழுகிறவள்

ஜெகதாப்பட்டினம் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூவுகிறவர் என் அப்பா அருள்தாஸ். அவர் வாய்க்கு மயங்காத வியாபாரி கிடையாது. கூடையில் நண்டு நெளிந்தால், "இவரு நம்ம ஊருக்கு ரோடு போட வந்த காண்ட்ராக்டரு. நேரா போக மாட்டாரு, பக்கவாட்டுலதான் போவாரு" என்பார். சிரிக்கிற சிரிப்பில் விலை தானாக ஏறும். வீட்டிலும் அதே வாய்தான். அந்த மனுஷன் வாயைப் பூட்டிக்கொண்டது அவர் மகள் ஷர்லியால், அதாவது என்னால்.

காலேஜ் கடைசி வருஷத்தில் ஆரம்பித்தது. ராத்திரி படுத்துத் தூங்கினாலும் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம். பஸ்ஸில், வகுப்பில், கோயில் பூசையில், சோற்றில் கை வைத்தபடி. "சோம்பேறி", "ராவெல்லாம் போன நோண்டுறா" என்று ஆளுக்கொரு பட்டம் கொடுத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் விழ ஆரம்பித்தேன். அப்பா ஏதாவது சொல்வார், நான் சிரிப்பேன், தாடை தொங்கும், முழங்கால் விட்டுப்போகும், தரையில் கிடப்பேன்.

பார்த்தவர்களுக்கு அது வலிப்பு. உடனே யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். எங்கள் பக்கத்தில் வலிப்புக்கு இரும்புதான் முதல் வைத்தியம். சற்று நேரத்தில் நானாக எழுந்துவிடுவேனா, பெருமையெல்லாம் சாவிக்குப் போய்விடும். கொடுமை என்னவென்றால், எனக்கு நினைவு துளியும் தப்பாது. நாக்கு புரளாது, விரல் அசையாது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். "இவள எவன்டி கட்டுவான்?" என்று பக்கத்து வீட்டுச் சித்தி என் தலைமாட்டிலேயே உட்கார்ந்து கேட்டாள். எழுந்ததும், "ஒங்க மகனக் கேக்கல சித்தி, பயப்படாதீங்க" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி விழுந்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு கிளினிக்கில் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தூக்கம்தான் கூடியது, விழுவது நிற்கவில்லை. கடைசியில் அம்மா ஒன்றைக் கவனித்தாள். "அவுக பேசுனாத்தான் இவ விழுகுறா." அன்றோடு அப்பா என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். நான் உள்ளே வந்தால் அவர் வெளியே போவார். சாப்பிட்டேனா என்பதைக்கூட அம்மாவிடம் கேட்டுக்கொள்வார். விழுந்த காயமெல்லாம் ஆறியது. இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

தஞ்சாவூரில் ராஜலட்சுமி என்ற நரம்பு டாக்டரிடம் போனோம். அப்பா வராந்தாவிலேயே நின்றுகொண்டார்.

"விழும்போது நினைவு இருக்குமா?" என்று டாக்டர் கேட்டார். ஒருத்தரும் கேட்காத கேள்வி! சித்தி சொன்னது வரைக்கும் ஒப்பித்தேன்.

"விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

"சிரிச்சிக்கிட்டிருப்பேன் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு சிரிக்க வைப்பாங்க?"

அம்மா வராந்தாவைக் காட்டினாள். அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஏதாவது சொல்லி இவங்கள சிரிக்க வைங்க. நான் பாக்கணும்."

"எம்புள்ளைய நானே விழ வைக்கவா? மாட்டேம்மா."

"பாத்தாத்தான் என்ன வியாதின்னு எனக்கு உறுதியாத் தெரியும்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மீனுக்கு இமை கெடையாது டாக்டரம்மா. ஆனா எம்பொண்டாட்டி பேரம் பேச ஆரம்பிச்சா மீனே கண்ண மூடிக்கும்."

எத்தனை மாதத்துக்குப் பிறகு! சிரித்தேன், சரிந்தேன். டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. "நாந்தான், நாந்தான் இப்புடிப் பண்ணிட்டேன்" என்று அப்பா அழுவது கேட்டது. இல்லைப்பா, இல்லைப்பா என்று சொல்லத் துடித்தேன். வாய் திறக்கவில்லை.

"இது வலிப்பு மாதிரி தெரியல. தூக்க வியாதி, நார்கோலெப்சின்னு பேரு. சந்தோஷம் வந்தா ஒடம்பு மட்டும் தூங்கிடுது. இதுக்கு நீங்க காரணம் இல்லைங்க" என்றார் டாக்டர். உறுதிப்படுத்த ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் பகலிலும் விட்டு விட்டுத் தூங்கச் சொன்னார்கள். தூங்கியதற்கு நான் திட்டு வாங்காத நாள் அது ஒன்றுதான். சந்தேகம் தீர்ந்தது. பழைய மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திப் புதியது கொடுத்தார்கள். மத்தியானம் தவறாமல் ஒரு குட்டித் தூக்கம் போடச் சொன்னார்கள். முழுசாகப் போகாது, கட்டுக்குள் வரும் என்றார் டாக்டர். வந்தது.

மாத்திரை எனக்கு வேலை செய்தது, அப்பாவுக்குச் செய்யவில்லை. நான் மறுபடி விழுந்துவிடுவேனோ என்று பயந்து அவர் என்னிடம் பேசவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு காலையில் ஏலக்கூடத்துக்கே போய் முன்வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் வெறும் விலையை மட்டும் கூவினார். எனக்கு வந்ததே கோபம்!

"என்னப்பா, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? விழுந்தா எந்திரிச்சுக்குவேன். நீங்க பேசலன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

கூடமே எங்களைப் பார்த்தது. அப்பா கூடைப் பக்கம் குனிந்தார். பிறகு ஒரு பெரிய களவா மீனைத் தூக்கினார்.

"இதோட வாயப் பாருங்க. எனக்கிருந்த வாயில எம்மக பிடுங்கிக்கிட்டது போக மிச்சம் இதுக்கு வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழங்கால் லேசாகத் தொய்ந்தது. பிடிக்க வந்த கைகளைத் தள்ளிவிட்டேன். சிரித்துக்கொண்டே நின்றேன்.

"நிக்கிறியா ஆத்தா?"

"நிக்கிறேம்ப்பா."

"வெலையச் சொல்லுங்கண்ணே!" என்று வியாபாரிகள் கத்தினார்கள். இந்தத் தடவை சந்தோஷத்தில் வாய் எழாமல் நின்றது அப்பா.