மூடாமல் விட்ட கண்ணாடி

யவ்தோகா அத்தை நாற்காலிமேல் ஏறி நின்று, அலமாரிக் கதவிலிருந்த நிலைக்கண்ணாடியைப் படுக்கை விரிப்பால் மூடிக்கொண்டிருந்தாள். கீழே மெலானியா நாற்காலியை ஒரு கையால் மட்டும் பிடித்திருந்தாள்.

"கெட்டியா புடி. ஒரே நாள்ல ரெண்டு சாவு வீட்டுக்கு ஆகாது."

அத்தைக்கு நாக்கு எப்போதும் அப்படித்தான். அவள் அண்ணன் திமிஷ், மெலானியாவின் அப்பா, அன்று காலை ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டீ ஆறுகிறதே என்று அம்மா போய்த் தோளைத் தொட்டபோது தலை சாய்ந்தது. இப்போது குளிப்பாட்டி, கறுப்புக் கோட்டு போட்டு, சுவரோரப் பலகையில் கிடத்தியாகிவிட்டது. கடிகாரத்தை நிறுத்தியாயிற்று. மெலானியா ஏழு மாதக் கர்ப்பிணி என்பதால் அத்தை அவள் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிவிட்டிருந்தாள். பிணத்தை நேராகப் பார்க்காதே என்று நாலு தரம் சொல்லியும்விட்டாள்.

கடைசியாகக் கையகலக் கண்ணாடிக்கும் கைக்குட்டை போர்த்திவிட்டு அத்தை இறங்கினாள்.

"முடிஞ்சுது. எதுலயும் அவன் முகம் விழக் கூடாது. விழுந்தா தனியா போக மாட்டான், இந்த வீட்ல ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுத்தான் போவான்."

மெலானியா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து உள்ளே அசைவே இல்லை.

போன வருடம் வயிற்றிலிருந்த குழந்தைக்கும் இப்படித்தான் தொடங்கியது, ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். இன்று போனாலும் அதையே சொல்லிவிடுவார்களோ என்று பயம். போகாதவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் அவளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் அவள் பார்வை மேசைக்குப் போனது. அப்பாவின் பழைய காமிரா மேல்மூடி கழற்றியபடி கிடந்தது. நேற்றுதான் அதில் படத்துக்குத் தூரம் பார்க்கும் தொலைவுகாட்டியைப் பிரித்திருந்தார். அதற்குள் நகமளவு கண்ணாடி ஒன்று உண்டு. பாதி வெளிச்சத்தை உள்ளே விட்டு, பாதியைத் திருப்பி அனுப்புவது. காமிராத் தொழிற்சாலையில் அந்தக் கண்ணாடியை ஒட்டும் வேலைதான் மெலானியாவுக்கு. அத்தைக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அது பலகைப் பக்கம் பார்த்துக்கொண்டு மினுங்கியது. காலையிலிருந்து மூடாமலேயே இருந்திருக்கிறது.

அதில் அப்பாவின் முகம் விழுந்திருக்கும். மெலானியா தலைமுக்காட்டை உருவிக் காமிராமேல் போடப் போனாள்.

"அதை மூடாத," என்றாள் அம்மா பரஸ்கா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. "ஒஸ்தாப்புக்குப் படம் வேணும்."

தம்பி ஒஸ்தாப் மீன்பிடிக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். தந்தி போய்ச் சேர்வதற்குள் மண் மூடிவிடும்.

"நாளைக்கு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடலாம்மா."

"நாளைக்கு மூஞ்சி மாறிடும். நீதானே அந்த வேலை பாக்கற. அப்பனைக் கடைசியா அவன் ஒரு தடவை பாக்க வேண்டாமா?"

"தூரம் சரியா தெரியாதும்மா. பிரிச்சுப் போட்டிருக்கு."

"அப்ப நாடாவால அளந்து வெச்சு எடு."

"பேசற பேச்சைப் பாரு," என்று அத்தை குறுக்கே விழுந்தாள். "பொணத்துக்கிட்ட அளக்கறது பெட்டிக்கு மட்டும்தான். உம் புருஷனுக்குப் பக்கத்துல இவளையும் சேத்து அளக்கணுமா?"

அம்மா அத்தையின் பக்கம் திரும்பவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மெலானியாவால் நிற்க முடியவில்லை, மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடியை அப்பா ஒட்டி முடித்திருந்தார். பசை காய்ந்திருந்தது. அதில் தெரியும் இரண்டு உருவமும் ஒன்றாகும்படி மட்டம் பார்ப்பதுதான் பாக்கி. அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, காமிராவை ஜன்னலுக்கு வெளியே திருப்பி, அதன் பின்பக்கம் இருந்த சின்னக் கண்ணில் பார்த்தாள். தூரத்தில் தொழிற்சாலைப் புகைபோக்கி இரண்டாகத் தெரிந்தது, ஒன்று அழுத்தமாக, இன்னொன்று மங்கலாக. முன்பக்கத் திருகை மெல்லத் திருப்பினாள். மங்கலான புகைபோக்கி நகர்ந்து அருகில் வந்தது, ஆனால் கொஞ்சம் உயரமாக நின்றது. பக்கத்திலிருந்த சிறு வளையத்தைச் சுற்றி அதையும் இறக்கினாள். இரண்டும் ஒன்றாயின. தொழிற்சாலையில் இதைக் கதை பேசிக்கொண்டே செய்வாள். இன்று உள்ளங்கை வேர்த்து, திருப்புளி இரண்டு தரம் வழுக்கியது.

"ஆச்சா?" என்றாள் அம்மா.

"ஆச்சு."

மூடியைப் பூட்டி, படச்சுருள் போட்டு, பலகைக்கு எதிரே போய் நின்றாள். அம்மா கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"நேரா பாக்காதடி," என்றாள் அத்தை.

"நேரா பாக்கல அத்தை. இதுக்குள்ளதான் பாக்கறேன்."

அதுதான் இன்னும் மோசம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கண்ணை வைத்தாள். கண்ணாடியின் மஞ்சள் வட்டத்துக்குள் அப்பாவின் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு அப்பா. வெளிறிப்போய், பலகையிலிருந்து பாதி விலகி, எழுந்து வரக் கிளம்பியவரைப் போல. எத்தனையோ ஆயிரம் காமிராக்களில் இரட்டை உருவம் பார்த்தவள்தான். இருந்தும் சட்டென்று கண்ணை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தாள். போங்கப்பா, தனியாவே போங்க, வயித்துல இருக்கறதை விட்டுடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். அப்பாவிடம் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அழுகையும் வந்தது.

லென்ஸ் வளையத்தைத் திருப்பினாள். வெளிறிய முகம் இன்னும் விலகியது. திசை மாறிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பினாள். அது மெல்ல மெல்லப் பலகைக்குத் திரும்பியது. காது காதோடு சேர்ந்தது. மூக்கு மூக்கோடு படிந்தது. கடைசியில் ஒரே ஒரு அப்பா கண்மூடிப் படுத்திருந்தார்.

உள்ளே வெளிச்சம் குறைவு, ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருக்க வேண்டும். முழங்கையை விலாவில் அழுத்தி, மூச்சை அடக்கி, பித்தானை அமுக்கினாள்.

அந்த நொடியில் விலாவுக்குக் கீழே, வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை விழுந்தது. முழங்கை எகிறியது. காமிரா கன்னத்தில் இடித்தது. சுதாரிப்பதற்குள் இன்னொரு உதை.

"எடுத்தாச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"எடுத்தேன்."

"நல்லா விழுந்திருக்குமா?"

"இல்லம்மா. ஆடிடுச்சு." குரல் உடைந்தது. "ரொம்ப ஆடிடுச்சு."

"அதுக்கு ஏண்டி அழற? இன்னொண்ணு எடு."

"இவளுக்கு என்ன ஆச்சு," என்று அத்தை கிட்டே வந்தாள். "அழறாளா, சிரிக்கறாளா?"

சாவு வீட்டில் யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று மெலானியா காமிராவை மறுபடியும் கண்ணுக்கு உயர்த்தினாள். காமிராவின் சின்னக் கண்ணில் ஈரம் படிந்து ஒன்றும் தெரியவில்லை. முக்காட்டு நுனியால் அதைத் துடைத்தாள்.