வட்டம் போடாத நாள்

கம்பஸில் படித்த காலத்தில் என் வாப்பாவின் தொழிலைக் கேட்டவர்களுக்கெல்லாம் விவசாயம் என்றுதான் சொன்னேன். பாதிதான் பொய். கற்பிட்டி றோட்டோரம் எங்களுக்கு அரை ஏக்கர் வெங்காயத் தோட்டம் இருக்கிறது. ஆனால் ஊரில் அத்தாஉல்லா என்று சொன்னால் யாருக்கும் வெங்காயம் நினைவுக்கு வராது. "கவுதாரி அத்தாஉல்லாவா?" என்று கேட்பார்கள்.

வாப்பா சேவல் கவுதாரியைப் பழக்கிக் கூட்டில் வைத்திருப்பார். சுபஹு தொழுதுவிட்டுக் கூட்டைத் துணியால் மூடிப் பற்றைக் காட்டுக்குள் கொண்டுபோவார். துணியை எடுத்ததும் அது கத்தத் தொடங்கும். தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடிவரும். கூட்டைச் சுற்றி நிலத்தில் கண்ணி. அந்தக் கண்ணியில் விழுந்ததைத் தின்று வளர்ந்தவள் நான்.

எங்கள் குடும்பத்தில் ஓ.எல். பரீட்சை தாண்டிய முதல் ஆளும் நான்தான். விலங்கியல் படித்தேன். இரண்டாம் வருட லீவில் வந்த அன்றே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பொலிஸ்காரி மாதிரிக் கேட்டேன்: "இதெல்லாம் சட்டப்படி குற்றம் வாப்பா, தெரியுமா?"

"விட்டுட்டன் மகள்" என்றார்.

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பட்டம் முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தபின் எனக்குக் கிடைத்த வேலை கவுதாரிக் கணக்கெடுப்பு. இந்த நாட்டில் எங்களைப் போன்ற வறண்ட கரையோரங்களை விட்டால் அதற்கு வேறு இடம் அதிகம் இல்லை. எங்கள் பகுதியில் அது குறைந்து வருகிறதா, நிலையாக இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். குறைகிறது என்று எழுதினால், தோட்டங்களுக்கு வடக்கே மிஞ்சியிருக்கும் உடைமரப் பற்றையைத் தள்ளவிடாமல் தடுக்க ஒரு கடதாசியாவது கையில் இருக்கும். நிலையாக இருக்கிறது என்றால் டோசர் வரும்.

வேலை இலகுவானது. மணல் பாதையில் ஒரு கிலோமீற்றருக்கு ஒன்றாக ஏழு இடம். ஒவ்வொரு இடத்திலும் உடைமரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன். விடியக்காலையில் ஸ்கூட்டியில் போய் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நின்று, கேட்கிற குரல்களை எண்ணிப் படிவத்தில் எழுதவேண்டும். போகிற நாட்களைக் குசினியில் தொங்கிய பள்ளிவாசல் கலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன், உம்மா நேரத்துக்குத் தேத்தண்ணி ஊற்றுவதற்காக.

முதல் நான்கு காலையும் ஏழு இடத்திலும் சைபர். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து படிவத்தை மேசையில் எறிந்தேன்.

"ஒரு குரல் இல்ல உம்மா. ஒண்டே ஒண்டு இல்ல."

"அப்ப வேலைய நிப்பாட்டிருவாங்களா?" என்று உம்மா கேட்டார்.

"பறவ இல்லாத இடத்துல பறவ எண்ணுறவளுக்கு என்ன வேலை? நிப்பாட்டத்தான் செய்வாங்க."

அது உண்மையில்லை. சைபர் என்பதும் ஒரு கணக்கு. அதற்கும்தான் என்னை வைத்திருந்தார்கள். ஆனால் அதை உம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். பின்வாசலில் வாப்பா வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும் என்று நினைக்கவில்லை. அவர் எதையும் கேட்பார் என்று நான் எப்போதும் நினைத்ததில்லை.

ஐந்தாம் காலை, முதல் ரிப்பனடியிலேயே ஒரு கவுதாரி கத்தியது. அந்தக் குரலை நெஞ்சில் தட்டுகிற மாதிரிக் கேட்டேன். அன்று மொத்தம் பதினொன்று. அதற்குப் பின் ஏழு காலையும் அதே மாதிரி, பத்து, பதினொன்று, ஒன்பது. திடீரென்று எப்படி என்று நான் யோசிக்காமல் இல்லை. இனப்பெருக்கக் காலம் தொடங்கிவிட்டது என்று அறிக்கையில் ஒரு பந்தி எழுதி, எண்ணிக்கை ஏறுவதாகக் கோட்டுப் படமும் கீறினேன். படித்தவளுக்குக் காரணமா கிடைக்காது?

வேலையில் எனக்கு மேலே இருந்தவர் அருள்குமரன் சேர். முன்னேஸ்வரத்துக்காரர். நல்ல மனுஷர். போன வெள்ளிக்கிழமை பின்னேரம் கோல் எடுத்து, "நாளைக்கு விடிய நானும் வாறன் ஸுஹைரா. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முதல் ஒருக்கா நேர்ல கேக்கோணும்" என்றார். சனிக்கிழமை என் நாளில்லை. கலண்டரில் வட்டம் போட மறந்துபோனேன். விடிய உம்மா எழும்புமுன் தேத்தண்ணியும் குடிக்காமல் வெளிக்கிட்டேன்.

முதல் ரிப்பனடியில் பத்து நிமிடம் நின்றோம். தூரத்தில் தண்ணீர் மோட்டர் ஓடியது. வேறொன்றும் இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படித்தான்.

"என்ன ஸுஹைரா, உங்கட கவுதாரிக்கெல்லாம் புது ஆளக் கண்டா கூச்சமோ?" என்று சேர் சிரித்தார்.

நான்காவது இடத்தில் அவர் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ரிப்பன் கட்டிய மரத்தைச் சுற்றிப் போனேன். பின்பக்கம், மணலில் ஒரு வட்டத் தடம். பக்கத்தில் உடைந்த கறையான் புற்றுத் துண்டு, கவுதாரி எச்சம். கூடு வைத்த தடம் எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நடக்கத் தொடங்கின நாளிலிருந்து பார்த்து வளர்ந்த தடம்.

சேர் போத்தலை மூடினார். நான் செருப்புக் காலால் அந்தத் தடத்தை இரண்டு தரம் இழுத்து அழித்தேன். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகச் செய்தது. திருடன் பிள்ளையின் கால்.

ஏழு இடமும் முடிந்தது. ஏழும் மௌனம்.

"பறவதானே, ஒரு நாள் கத்தும், ஒரு நாள் கத்தாது" என்றார் சேர். "உங்கட எட்டு நாள் கணக்கு நல்லாத்தான் இருக்கு. நிலையாக உள்ளது எண்டே குடுப்பம்."

"ஓம் சேர்" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். பின்வளவில் ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் வாப்பா குந்தியிருந்து, கவுதாரித் தீனிக்குக் கறையான் புற்றை உடைத்துச் சிரட்டையில் தட்டிக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குள் வரிசையாக ஆறு கூடு, வெள்ளைத் துணியால் மூடியபடி. அந்தத் துணி என் பழைய பள்ளிக்கூட யூனிஃபோம்.

"வாப்பா, இண்டைக்கு ஒண்டும் கத்தல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னையும், என் கையிலிருந்த படிவத்தையும் பார்த்தார். பிறகு குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரை எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு வட்டம் போடல்லியே மகள்."

எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினேன். "உங்கள்ட்ட யாரு கேட்டது?"

"நீதானே அழுத."

"நான் அழல்ல."

"அழுதா" என்று குசினிக்குள்ளிருந்து உம்மா சொன்னார். "சோத்தையும் தள்ளிட்டுப் போனா."

"வேலைய நிப்பாட்டுவாங்க எண்டு சொன்ன. பறவதான் வேணுமெண்டா எங்கள்ட்ட இரிக்கிதானே எண்டு யோசிச்சன்" என்றார் வாப்பா. "நாலு என்ட. ரெண்டு றஸீன்ட." றஸீன் வாப்பாவின் கண்ணிக் கூட்டாளி.

"ஆறு பறவைக்கு எப்பிடிப் பதினொண்டு?"

அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீ எழுதி முடிச்சு ஸ்கூட்டிய எடுக்க முந்தி நான் மோட்டர் சைக்கிள்ல கரப் பக்கத்தால அடுத்த இடத்துக்குப் போயிருவன். றஸீன் தோட்டத்துக்குள்ளால வருவான். நீ மெதுவாத்தானே எழுதுவாய்."

என் கோட்டுப் படம் நினைவுக்கு வந்தது. இரண்டு நடுத்தர வயது ஆட்கள் மோட்டர் சைக்கிளில் கூட்டைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் ஓடியதைத்தான் நான் இனப்பெருக்கக் காலம் என்று கீறியிருக்கிறேன்.

பிறகுதான் கேட்கவேண்டியது நாக்கில் வந்தது.

"வாப்பா. உங்கட பறவ கத்தக்குள்ள, காட்டுல இரிக்கிறது ஒண்டும் பதில் சொல்லல்லியா?"

அவர் சிரட்டையைக் கீழே வைத்தார்.

"ஒண்டும் வரல்ல."

"எத்தின நாள்?"

"எல்லா நாளுந்தான்."

எட்டுக் காலை, ஏழு இடம். எல்லைக்குள் வேற்றான் வந்து கத்தியும் சண்டைக்கு ஒரு சேவல் வரவில்லை என்றால், அங்கே சேவல் இல்லை. இதைவிட நம்பத்தக்க கணக்கு எந்தத் திட்டத்திலும் இல்லை. அது முழுதும் வாப்பாவிடம் இருந்தது. நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. யாரென்று வெளியில் சொல்லாமல் நான் மறைக்கிற ஆளிடம் போய் நான் என்ன கேட்பேன்?

"அப்ப இல்லாமப் போனது உங்களுக்குத் தெரியும்."

"அங்கால போயிரிக்கும் எண்டு நினச்சன். வண்ணாத்திவில்லுப் பக்கம்."

"களப்புத் தண்ணியத் தாண்டியா? கல்லெறிஞ்சாலும் ஓடுற சாமான் அது. பறக்கவே பஞ்சிப்படும்."

வாப்பா விரலில் ஒட்டிய புற்றுமண்ணை உரித்தபடி இருந்தார். கொஞ்சம் கழித்து, "அப்ப இதுகளத் திறந்து விட்டிரட்டா?" என்றார்.

"ஆறும் சேவல் வாப்பா."

அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கூடுகளைத் திரும்பிப் பார்த்தார், அதில் ஒன்றாவது மாறியிருக்குமா என்பது போல.

"காட்டுல இரிந்து கடசியா எப்ப வந்திச்சி?" என்றேன். படிவத்தில் அதற்கும் ஓர் இடம் இருந்தது.

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா அகப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"நீ கடசி வருஷம் பெருநாள் லீவுக்கு வந்த கிழம" என்றார் வாப்பா. "பேடு. சேவல்ட சத்தத்துக்குப் பேடும் வரும்."

"அத என்ன செஞ்சீங்க?"

"உனக்கு ஆணம் காச்சித் தந்தது" என்றார் உம்மா. "வயித்துக்குள்ள முட்டைக் கரு இரிந்திச்சி, ஓடு வைக்காதது. உனக்கெண்டு எடுத்து வெச்சன். நீதானே சின்னதுல இரிந்தே அதுக்குச் சண்ட பிடிப்பாய்."

அந்த மதியம் எனக்கு நினைவிருக்கிறது. நாட்டுக்கோழிக் குஞ்சு என்று உம்மா சொன்னார். நான்கு வருடம் விலங்கியல் படித்தவளுக்குக் கோழி எலும்பும் கவுதாரி எலும்பும் தெரியாதா? அந்த லீவுக்கு இரண்டு கிழமைக்கு முதல்தான், கரையோரப் பறவைகள் அருகிவருவது பற்றி வகுப்புக்கு முன்னால் நின்று பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். தெரிந்துகொண்டே எலும்பைச் சூப்பினேன். இன்னொரு துண்டும் கேட்டேன். வாப்பா விட்டுவிட்டார் என்று நான் எந்த நாளும் நம்பவில்லை. நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சேருக்குக் கோல் எடுத்தேன். அவர் இன்னும் சிலாபம் போய்ச் சேரவில்லை, வான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதைத்தார்.

"சேர், அந்தக் கணக்கெல்லாம் பொய். காட்டுப் பறவையில்ல, கூட்டுல வளத்த கவுதாரி. கொண்டுவந்து வெச்சிரிக்கி."

"யார் வச்சது?"

ஊராக்கள் என்று சொல்லலாம். வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. வாப்பா கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னைப் பற்றித்தான் கதைக்கிறேன் என்று தெரிந்தும் உள்ளே போகவில்லை.

"என்ட வாப்பா."

லொறியொன்று கடந்துபோகும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"இண்டைக்குக் காலைல. நாலாவது இடத்துல கூட்டுத் தடம் இரிந்திச்சி. நீங்க தண்ணி குடிக்கக்குள்ள நான் காலால அழிச்சன்."

"ஏன் பிள்ள?"

"வாப்பாவுக்கு என்ன நடக்கும் சேர்?" என்றேன்.

"தெரியாது. எழுத்தில தாங்க, திங்கட்கிழமைக்கு முதல். எதையாவது விட்டுட்டு எழுதுங்க எண்டு என்னால சொல்ல ஏலாது. சொல்லவும் மாட்டன்."

புதுப் படிவம் எடுத்து மேசையில் உட்கார்ந்தேன். வாப்பா வந்து கதிரையின் பின்னால் நின்றார். ஏழு இடத்துக்கும் எட்டு நாளுக்கும் சைபர் எழுதினேன். குறைவதற்கான காரணம் என்ற இடத்தில், கிருமிநாசினி, நாய், பற்றை அழிப்பு என்று அச்சடித்த வரிசையில் 'பிடித்தல்' என்பதற்கு நான் முன்பு கீறியிருந்த 'இல்லை' நினைவுக்கு வந்தது. இந்தத் தரம் 'ஓம்' என்று கீறினேன்.

"என்ட பேரு போட்டாச்சா?" என்றார் வாப்பா.

"ஓம்."

"றஸீன்ட பேரப் போடாத மகள். அவன் எனக்காக வந்தவன்."

போடவில்லை. எதையாவது விட்டு எழுதுவதென்றால் அதை மட்டும்தான்.

கடைசிப் பகுதி: இறுதியாக உறுதிசெய்யப்பட்ட பதிவு. திகதி, பெருநாள் கிழமை. இடம், எங்கள் வீடு. பார்த்தவர், நான். உயிருடன், இறந்து, இறகு, முட்டை என்று நான்கு கட்டம் இருந்தது. இறந்து என்பதில் கீறி, பக்கத்தில் 'சமைத்த நிலையில்' என்று எழுதினேன். முட்டை என்ற கட்டத்துக்குள் எண்ணிக்கை கேட்டிருந்தது.

மூன்று என்று எழுதினேன். உம்மா கோப்பையில் வைத்ததும் ஆசையோடு எண்ணிப் பார்த்தேன். நான் எடுத்த கணக்கில் சந்தேகமில்லாத எண் அது ஒன்றுதான்.