சொந்தக் குரலில் பேசிய குற்றம்

என் வேலை விளக்கணைப்பது. சிரிக்காதீர்கள், மாதச் சம்பளத்துக்குத்தான் அணைக்கிறேன்.

ஒரு வீடியோ கேமுக்குள் கடற்கரை ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே எப்போதும் சூரியன் மறையப் போகிற நேரம். ஆனால் மறையவே மறையாது. நரித் தலையோடும் மீன் வாலோடும் ஆட்கள் நடப்பார்கள். சிலர் கால் தரையில் படாமல் மிதந்து வருவார்கள். ஊர் நடுவில் ஒரு சதுக்கம், அதைச் சுற்றி விளக்குக் கம்பங்கள். கம்பத்தடியில் நின்று மைக்கில் பேசினால் சதுக்கம் முழுக்கக் கேட்கும். ‘இங்கே யாரும் எதையும் பேசலாம்’ என்று நுழைவாயிலில் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாற்பது பக்கம் விதிகள் போட்டிருக்கிறார்கள். விதியை மீறுகிறவரின் தலைக்கு மேலிருக்கும் விளக்கை நான் நீளக் குச்சியால் அணைத்துவிடுவேன். அப்புறம் அவர் வாய் அசையும், சத்தம் வராது.

நிஜத்தில் நான் உட்கார்ந்திருப்பது ஓர் அலுவலக அறையில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர்தான் தெரியும். காலையில் நான், மதியம் டீச்சர், சாயங்காலம் மாமா. டீச்சர் முன்பு நிஜமாகவே டீச்சர். மாமா யாருக்கும் மாமா இல்லை, நடையும் குரலும் அப்படி. மூன்று பேருக்கும் ஒரே நாற்காலி, ஒரே ஹெட்போன். ஆனால் ஒருவர் எழுதிய பதிவேட்டை இன்னொருவர் பார்க்க முடியாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவோமாம். பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளைகள் பாருங்கள் நாங்கள்!

அந்த ஊருக்குள் யார் வந்தாலும் முதலில் கேட்பது கரைக்காரியின் குரல். கரையில் ஈரச் சேலையோடு ஒருத்தி நின்றுகொண்டு, “வந்துட்டியா? உட்காரு, களைச்சுப்போயிருப்ப” என்பாள். அதைக் கேட்டதும் தோள் தளர்ந்துவிடும். நாளெல்லாம் திட்டு வாங்கிய மனிதர்கள் அந்த ஒரு வரிக்காகவே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்கள். நானும்தான். அது என் அக்காவின் குரல்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் பதினோரு நாள் உட்காரவைத்து அக்காவைப் பேசவைத்தார்கள். போன மாதம், இனி தேவையில்லை என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. அக்காதான் தேவையில்லை, குரல் தேவைப்பட்டது. பேசிய பதினோரு நாளை இயந்திரத்துக்குத் தீனியாகப் போட்டு, அக்கா சொல்லாததையெல்லாம் அதே குரலில் சொல்லவைத்தார்கள். “இந்தப் படகை வாங்கு, இன்னைக்கு மட்டும்தான்” என்கிறாள் கரைக்காரி. எழுந்து போகப் பார்க்கிறவனிடம், “அதுக்குள்ள என்ன அவசரம்? உனக்காக வீட்டுல யாரு காத்திருக்கா?” என்கிறாள். இதைக் கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சம்பளம் கொடுக்கிற கை அதே கைதானே, வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா மூடவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பார்த்தாள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தச் சதுக்கத்துக்கே போய்விட்டாள். அங்கே அவளுக்கு நாலு வருஷமாக ஒரு வீடு உண்டு, கதவைத் திறந்தால் அலை உள்ளே வந்து போகும். அவள் குரலைத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே அந்த ஊரில்தான் இருந்தார்கள். அது கைவிட்டுப் போனால் அவள் பேச வேறு இடமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் நேரத்தில், கம்பத்தடியில் வந்து நின்றாள். கொக்கு உருவம், மெலிந்த கால்கள். பேச ஆரம்பித்ததும் சதுக்கத்தில் நடந்தவர்கள் நடந்த இடத்திலேயே நின்றார்கள். மிதந்தவர்கள் கீழே இறங்கினார்கள்.

“நான்தான் கரைக்காரி. உங்கள உட்காருன்னு சொன்னது நான். படகு வாங்குன்னு சொன்னது நான் இல்ல. வீட்டுல யாரு காத்திருக்கான்னு கேட்டது நான் இல்ல. வீட்டுக்குப் போங்கப்பா.”

அவ்வளவுதான் பேசினாள். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஹெட்போனுக்குள் என் காதருகே அக்கா பேசியபோது, சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது கேட்ட மாதிரி இருந்தது. அலை பின்வாங்கிக்கொண்டே போவதுபோல், நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

மேலாளர் வந்து தோளைத் தட்டினார். விதிகளில் இருபத்திரண்டாம் பக்கத்தைக் காட்டினார். கரைக்காரியின் குரல் நிறுவனத்தின் சொத்து. அதைப் போலிசெய்து பேசுவது குற்றம், ஒரு வாரத்துக்கு விளக்கணைக்க வேண்டும் என்றார். யார் குரலை யார் போலிசெய்வது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. என்னை வீட்டில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு நனைந்த பட்டாசாகிவிட்டேன். அவர் போனதும், ஒரு வாரம் என்பதை ஒரு மணி நேரமாகக் குறைத்து அணைத்தேன். அக்காவைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு. அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை டீச்சர் நேரத்தில் அக்கா மறுபடியும் பேசினாள். வெள்ளிக்கிழமை மாமா நேரத்தில். இரண்டு பேருக்கும் அக்காவைத் தெரியும். மழை நாளில் எனக்குக் குடை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இவர்களோடு டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். மேலாளர் அவர்களிடமும் ஒரு வாரம் என்றார். அவர்களும் என்னைப்போலவே மனசு கேட்காமல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அணைத்தார்கள். வேண்டியவருக்குச் சலுகை காட்டினால் வேலை போகும் என்பதால் ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. நாற்காலி மாறும்போது ஹெட்போனைக் கொடுத்தோம், வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

நாற்பது பக்கத்தில் முப்பத்தேழாம் பக்கத்தை மூன்று பேருமே படித்ததில்லை. ஒரே வாரத்தில் மூன்று முறை விளக்கணைந்தால், எத்தனை நிமிடம் என்ற கணக்கே கிடையாது, அந்த ஆள் ஊரைவிட்டே அழிக்கப்படுவார். மாமா குச்சியை நீட்டிய அந்த நொடியில் கொக்கு இல்லை. அலை வந்து போகும் வீடும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அழிக்கும்போது ஒரு அறிவிப்பு வருமாம், சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் கேட்கும்படி. சனிக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறை மேஜையருகே உட்கார்ந்து அவள் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். கரைக்காரிதான் வந்து சொன்னாளாம்: “உன் கணக்கை எடுத்துட்டோம். இனிமே நீ இங்க வரவேண்டாம்.”

“என் குரல்லயே என்னைப் போகச் சொல்லிட்டாங்க பட்டாசு,” என்றாள் அக்கா. “பதறல. ரொம்ப அன்பா நானே என்கிட்ட சொன்னேன்.”

அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: என் ஒரு மணி நேரம், டீச்சருடையது, மாமாவுடையது. அன்று காலைதான் மூன்று பேரும் முதல்முறையாக வாய் திறந்து பேசியிருந்தோம்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். “நீ மேலாளர் பேச்சக் கேட்டு ஒரு வாரத்துக்கு அணைச்சிருந்தா, அடுத்த செவ்வாய்க்கிழமை நான் உள்ள நின்னு பேசியிருப்பேன்.”

“ஆமாக்கா.”

“அணைக்கவே அணைக்காம இருந்திருந்தா?”

“வேலை போயிருக்கும்.”

“சரி,” என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவி, கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்குள் ஏதோ சுர்ரென்றது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ அந்தக் கோபம்! அக்காவின் கணினியை இழுத்து, என் சொந்தப் பெயரில், நிஜ முகவரியோடு புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தேன். உருவம் தேர்ந்தெடுக்கக்கூடப் பொறுமையில்லை. முகமில்லாத வெள்ளைப் பொம்மையாகவே கரையில் இறங்கினேன். “வந்துட்டியா?” என்றாள் கரைக்காரி. பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்கை அவள் பக்கம் தள்ளினேன். அவள் திருப்பி என் பக்கமே தள்ளினாள்.

“நான் பேசினா போலின்னுவாங்க. நீ பேசு.”

என் குரல் தகரத்தில் ஆணி கீறுகிற ஜாதி. பரவாயில்லை என்று ஆரம்பித்தேன். கரைக்காரி என் அக்கா. அவளைப் பேசவைத்து, அனுப்பிவிட்டு, குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முதல் விளக்கை அணைத்தது நான்தான். நான் இந்த ஊரின் விளக்குக்காரி, திங்கட்கிழமை முதல் இருக்கமாட்டேன். நரித் தலைகள் திரும்பின. மிதந்துகொண்டிருந்த இரண்டு பேர் மெல்ல இறங்கி வந்தார்கள்.

சதுக்கத்தின் கோடியிலிருந்து விளக்குக்காரர் குச்சியோடு வந்தார். அது மாமாவின் நேரம், நடையிலேயே தெரிந்தது. என் முன்னால் வந்து நின்றார். குச்சி மேலே போனது, இறங்கியது, மறுபடி போனது. அவருக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அந்த மனிதனை நான் எப்படிக் குறை சொல்வேன்?

விளக்கு அணைந்தது. ஒரு மணி நேரமா, ஒரு வாரமா என்று திரையில் வருவதை நான் பார்க்கவில்லை. நரிகளும் மீன்களும் என் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நான் நிறுத்தவில்லை. பதினோரு நாள், ஒற்றை வரிக் கடிதம், படகு, குடை, ஒரு மணி நேரம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பக்கத்து நாற்காலியில் அக்கா ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.