ஐந்தரைக் கட்டை

பெண்ட்ஸே டீச்சர் வியாழக்கிழமையே சொல்லிவிட்டார். சனிக்கிழமை போட்டியில் முதல் வரியை யார் தனியாகப் பாடுகிறாளோ, அவள்தான் பத்தாம் வகுப்பு முடியும் வரை பள்ளியின் காலைப் பிரார்த்தனையைத் தொடங்கிவைப்பாள்.

"வைஷு பாடட்டும்" என்றார். உடனே, "அன்னிக்கும் வாயைத் திறக்காம நின்னாள்னா முக்தா எடுத்துக்கணும். முக்தா, ரெடியா இரு" என்றார்.

முக்தா தலையசைத்தாள். அவள் எப்போதும் ரெடியாகத்தான் இருப்பாள்.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். 1997, டிசம்பர். எங்கள் பள்ளி புனேயில், விஷ்ராந்த்வாடியில் இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது நான் சொல்லும் 'பிரசன்ட்' டீச்சரின் மேஜை வரை போகாது. பக்கத்தில் உட்காரும் ஷீலா எனக்காக இன்னொரு தடவை சொல்வாள். கடையில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மூன்று பேர் வாங்கிவிட்டுப் போகும் வரை நிற்பேன். பாடும்போது மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த சொல் எதுவென்று பாட்டிலேயே முடிவாகியிருக்கிறது; அதனால் இருக்கலாம்.

காலைப் பிரார்த்தனையில் மொத்தப் பள்ளியும் மைதானத்தில் நிற்கும். ஹார்மோனியம் ஒலிக்கும். ஒரே ஒரு குரல் தொடங்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அந்தக் குரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சுருதிப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"அஞ்சரைக் கட்டைல நின்னு பாடு. ஒனக்கு ஒரு சிரமமும் இல்லே" என்றாள். "தொண்டையைச் செருமாதே. வெந்நி குடி."

பாட்டு மழையைப் பற்றிய மராத்திப் பாட்டு. டீச்சரே மெட்டமைத்தது. முதல் வரி கீழே தொடங்கி, ஒரே மூச்சில் மேல் பஞ்சமம் வரை ஏறும். அங்கே நின்று, நின்று, பிறகு இறங்க வேண்டும். அஞ்சரைக் கட்டையில் அந்தப் பஞ்சமம் எனக்கு எட்டும். எட்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் குரல் இல்லை.

"சரியா இருக்கு" என்றாள் அம்மா. "ஏன் பயந்துண்டு பாடறே?"

பயப்படவில்லை என்று சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் அது அம்மாவின் காதிலும் விழுந்தது.

போட்டி நகருக்குள் ஒரு அரங்கில். பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் வெள்ளைச் சுடிதார், பச்சைத் துப்பட்டா. வாசலிலேயே விதிகளைச் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர்கள் மேடைக்கு வரக்கூடாது. ஹார்மோனியமும் தபலாவும் வாசிக்க அவர்களே ஆள் வைத்திருந்தார்கள். மேடை ஏறியதிலிருந்து ஏழு நிமிடம். கடைசி நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும். இரண்டாவது மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும்; பாட்டு முடியாவிட்டால் பரிசுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நம்ம முறை வர்றதுக்குள்ள நான் பின்பக்கம் போய் ஹார்மோனியக்காரர்கிட்ட பேசிடறேன்" என்றார் டீச்சர்.

அதற்கு நேரம் கிடைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் பாட வேண்டிய இரண்டு பள்ளிகள் வந்து சேரவில்லை. திடீரென்று எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். டீச்சர் அப்போது அரங்கின் கடைசி வரிசையில், எங்கள் ஸ்வெட்டர்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடிப்போய் மேடையில் நின்றோம்.

எனக்கு முன்னால் மைக். எனக்குப் பின்னால் முக்தா. அவளுக்குப் பக்கத்தில் ஷீலா.

ஹார்மோனியக்காரர் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பட்டி?"

எந்தச் சுருதி என்று கேட்கிறார். புனேயில் அதற்குப் பட்டி என்று பெயர்; கறுப்பா வெள்ளையா என்று நிறத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளியில் எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டீச்சர் உட்காருவார், விரல் தானாக ஒரு கட்டையில் விழும், நாங்கள் பாடுவோம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொடங்குபவள் நான்தானே.

எனக்குத் தெரிந்தது அம்மாவின் கணக்கு. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என்று போகும். நடுவில் வரும் கறுப்புக்கு அரை சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அரை என்பது கறுப்பு. ஐந்தரை என்பது கறுப்பு ஐந்து.

"கறுப்பு அஞ்சு" என்றேன் மராத்தியில்.

"சத்தமா சொல்லும்மா."

"கறுப்பு அஞ்சு."

பின்னால் முக்தாவின் துப்பட்டா சரசரத்தது. அவள் என்னை எட்டிப் பார்த்தாள். மறுபடி நேராக நின்றுகொண்டாள்.

ஹார்மோனியக்காரர் ஒரு கட்டையில் விரலை வைத்துத் துருத்தியை இழுத்தார். தபலாக்காரர் சின்னச் சுத்தியலை எடுத்தார். தபலாவின் பக்கங்களில் செருகியிருந்த மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டு, விரலால் ஒரு சுண்டு. ஒரு தட்டு, ஒரு சுண்டு. தோல் இறுக இறுக ஒலி மேலே ஏறியது.

நான் அது நிற்கும் என்று காத்திருந்தேன். எங்கள் சுருதியைத் தொட்டது. தாண்டியது. இன்னும் ஏறியது.

ஷீலா தமிழில் கிசுகிசுத்தாள். "ஏட்டி வைஷு, இது நம்ம சுதி இல்லட்டி. மேல போவுதுட்டி."

எனக்கும் கேட்டது. எங்கே தவறு என்று மட்டும் புரியவில்லை. இந்தச் சுருதியில் அந்தப் பஞ்சமம் எங்கே இருக்கும் என்று மனதுக்குள் ஏறிப் பார்த்தேன். அங்கே எனக்குக் குரல் இல்லை. உடைந்துபோகும். அதுவும் முதல் வரியிலேயே, மைக்கில்.

முக்தா என் காதருகே குனிந்தாள்.

"நான் பாடட்டுமா?" என்றாள். "எனக்கு இது வசதி. நீ கொஞ்சம் நகர்ந்தாப் போதும்."

உண்மைதான். அவள் குரல் அங்கே நன்றாக நிற்கும். நான் இடது பக்கம் ஒரு அடி வைத்தால் போதும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு நன்றாக இருக்கும். கோப்பை கூடக் கிடைக்கலாம். திங்கட்கிழமை காலையில் முக்தா தொடங்குவாள், நான் மைதானத்தில் வரிசையில் நிற்பேன்.

சுருதியைக் குறைக்கச் சொல்லலாம். சொன்னால் தபலாவை மறுபடி தட்ட வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவர்கள் மேஜையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில் டீச்சர் ஸ்வெட்டர்களைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

தபலாக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ம்" என்றார்.

"நகரு" என்றாள் முக்தா.

என் கால் நகர்ந்தது. இடது பக்கம் அல்ல. ஹார்மோனியத்தை நோக்கி ஒரு அடி. ஆனால் வாய் இன்னும் மைக்கின் அருகில்தான் இருந்தது.

"இது வேண்டாம்" என்றேன்.

அரங்கம் முழுவதும் அது கேட்டது. நாலு மூலையிலிருந்தும் என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

ஹார்மோனியக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "என்ன?"

"தப்பா சொல்லிட்டேன். இன்னும் கீழே."

"எவ்வளவு கீழே?"

பெயர் தெரியவில்லை. குனிந்து நானே அந்தக் கட்டையை அழுத்தினேன். அவர் விரலுக்கு இடப்புறம், முந்தைய கறுப்பு. அது ஒலித்தது. எங்கள் சுருதி.

"இது நாலு, பொண்ணே. அஞ்சுன்னு சொன்னியே!"

அதுவும் மைக்கில் கேட்டது. பின்வரிசையில் ஏதோ ஒரு பள்ளிப் பையன் கத்தினான். "இன்னும் கொஞ்சம் கொறைச்சுக் கேளு, தாயீ! அவரு கொடுத்துருவாரு!"

அரங்கம் சிரித்தது. மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல. என் காது இரண்டும் எரிந்தன. தபலாக்காரர் பெருமூச்சு விட்டு மரத்துண்டுகளைக் கீழிருந்து மேலே தட்டினார். ஒரு தட்டு, ஒரு சுண்டு. தோல் தளர்வது இறுகுவதைவிட மெதுவாக நடந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. முக்தாவின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு பாடினேன். முதல் வரி ஏறியது. பஞ்சமத்தில் நின்றது. நின்றது. பையன்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். நான் இறங்கியபோது மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது சரணம் முடியும்போது முதல் மணி அடித்தது. மூன்றாவதை வேகமாகப் பாடப் பார்த்தோம். தபலாக்காரரும் கூடவே ஓடினார். கடைசி இரண்டு வரிகள் மிச்சமிருக்கும்போது இரண்டாவது மணி அடித்தது.

பரிசு வாசித்தபோது எங்கள் பள்ளியின் பெயர் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஷீலா மட்டும், "ஒரு வருசத்துக்குப் பேச வேண்டியத இன்னிக்கே மைக்குல பேசி முடிச்சிட்ட. இனி உனக்குப் பிரசன்ட் நான் சொல்ல மாட்டேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

முக்தா பின்சீட்டிலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"நான் பாடியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

பதில் இருந்தது. ஆனால் நான் வேறொன்றைக் கேட்டேன். "நான் அஞ்சுன்னு சொன்னப்பவே அது தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் மூன்று வருடமாக இந்துஸ்தானி கற்றுக்கொள்பவள்.

"நீதானே கேட்டு வாங்கினே" என்றாள். பிறகு துப்பட்டாவைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். இங்கே கறுப்புக் கட்டைகளை மட்டும் தனியாக எண்ணுகிறார்கள், வெள்ளையைச் சேர்ப்பதில்லை என்று.

"நம்ம அஞ்சரை அவாளுக்கு நாலும்மா."

"அதெப்படிடீ நாலாகும்?" அம்மா மடியில் கட்டைகளை வரைவதுபோல விரலால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "நான்னா ஒனக்குச் சொல்லிருக்கணும்" என்று எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை குளிர் அதிகமாக இருந்தது. மைதானத்தில் எல்லா வகுப்பும் நின்றன. தாழ்வாரத்தில் ஹார்மோனியத்தின் பக்கத்தில் நானும் முக்தாவும் நின்றோம். எங்களில் யார் என்று டீச்சர் சொல்லவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவர் என்னோடு பேசவே இல்லை. வந்தார், உட்கார்ந்தார், துருத்தியின் கொக்கியைக் கழற்றினார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"பட்டி?" என்றார்.

பள்ளியில் அவர் அதை இதற்கு முன் கேட்டதே இல்லை.

"கறுப்பு அஞ்சு" என்றாள் முக்தா.

"கறுப்பு நாலு" என்றேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. என்னுடையது கொஞ்சம் உரக்க வந்திருக்க வேண்டும். மைதானத்தின் முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சரின் விரல் கட்டைகளுக்கு மேலே நின்றது. அங்கேயே இருந்தது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

பிறகு துருத்தியை இழுத்தார். நாலு ஒலித்தது.

மூச்சை இழுத்துக்கொண்டேன்.